செப்சிஸ்: வீட்டார் கண்ணுக்கு முதலில் தெரியும் ஆபத்து

ஒரு வீட்டை மனத்தில் கொள்வோம். 62 வயதுத் தாயார். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர். இரண்டு நாள்களாகச் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல். மூன்றாம் நாள் உடல் நடுங்கக் குளிர்காய்ச்சல். வீட்டில் இருந்த பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்து, போர்வை போர்த்திப் படுக்க வைக்கின்றனர். இரவு பதினொரு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் நெற்றியில் சூடு இல்லை. "காய்ச்சல் விட்டுவிட்டது, தூங்கட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மகன். மகளுக்கு மனம் ஒப்பவில்லை. அம்மாவின் கைகால்கள் சில்லிட்டிருக்கின்றன. மூச்சு இரைக்கிறது. நண்பகலுக்குப் பின் அவர் சிறுநீர் கழிக்கவே இல்லை. நள்ளிரவில் கண் விழித்து, "பால்காரர் வந்துவிட்டாரா?" என்று கேட்கிறார். "அம்மா இப்படிப் பேசமாட்டாங்க அண்ணா" என்கிறார் மகள்.

இக்குடும்பம் எடுத்துக்காட்டுக்காகப் புனையப்பட்டது. ஆயினும் இத்தகைய இரவுகள் எல்லா ஊர்களிலும் நிகழ்கின்றன. அவ்விரவில் அண்ணனின் சொற்படி காலைவரை காத்திருப்பதா, தங்கையின் ஐயத்தை ஏற்று உடனே புறப்படுவதா என்பதைப் பொறுத்தே அத்தாயின் உயிர் அமையக்கூடும். அவரிடம் தோன்றியுள்ள மாற்றங்களுக்கு மருத்துவம் இட்டுள்ள பெயர் செப்சிஸ்.

செப்சிஸ் என்பது யாது?

கிரேக்க மொழியில் அழுகுதல் என்னும் பொருளுடைய சொல் அது. நம் நாட்டில் நெடுங்காலமாக 'இரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது' என்று சொல்லி வந்துள்ளோம். அவ்விளக்கம் முழுமையானதன்று. கிருமித் தொற்றை எதிர்த்துப் போரிட வேண்டிய உடலின் தற்காப்பு ஆற்றல் கட்டுப்பாட்டை இழந்து, தன் சொந்த உறுப்புகளையே பழுதாக்கும் நிலைதான் செப்சிஸ். 2016ஆம் ஆண்டில் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்த வரையறையும் இதையே கூறுகிறது: தொற்றுக்கு உடல் காட்டும் நெறிதவறிய எதிர்வினையால் உயிருக்கு ஆபத்தான வகையில் உறுப்புகள் செயலிழத்தல்.

தொற்று ஏற்பட்டால், அவ்விடத்துக்கு இரத்த ஓட்டம் பெருகும், வெள்ளணுக்கள் திரளும், சிவந்து வீங்கும். இது இயல்பான காப்பு. செப்சிஸில் இவ்வழற்சி உடல் முழுவதும் பரவுகிறது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. அவற்றின் சுவர்களிலிருந்து நீர் கசிகிறது. இரத்த அழுத்தம் வீழ்கிறது. நுண்குழாய்களுக்குள் சிறுசிறு உறைகட்டிகள் தோன்றுகின்றன. மூளை, சிறுநீரகம், நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றுக்குப் போதிய பிராணவாயு சென்று சேர்வதில்லை. அத்தாயின் குழப்பமான பேச்சு மூளை வாடுவதன் அடையாளம். சிறுநீர் குறைந்தது சிறுநீரகம் வாடுவதன் அடையாளம். இரத்த அழுத்தம் மிகவும் வீழ்ந்து, திரவம் ஏற்றிய பின்னும் மருந்தின்றி நிலைநிறுத்த இயலாத கட்டத்தைச் செப்டிக் ஷாக் என்பர்.

நுரையீரல், சிறுநீர்ப்பாதை, வயிறு, தோல் ஆகியவற்றின் தொற்றுகளிலிருந்தே செப்சிஸ் பெரும்பாலும் தொடங்குகிறது. பாக்டீரியா மட்டுமன்றி வைரஸ், பூஞ்சை, மலேரியா ஒட்டுண்ணி ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம். செப்சிஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. அதற்கு அடிப்படையான சில தொற்றுகளே பரவக்கூடியவை.

2017ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேருக்குச் செப்சிஸ் ஏற்பட்டது என்றும், 1 கோடியே 10 இலட்சம் பேர் இறந்தனர் என்றும் 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவ்வாண்டு உலகில் நேர்ந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று இது. அதே 2017இல் உலக சுகாதார மன்றம் செப்சிஸைத் தடுப்பதற்கும் கண்டறிவதற்கும் முன்னுரிமை அளிக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. செப்டம்பர் 13 உலக செப்சிஸ் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

யாருக்கு ஆபத்து மிகுதி?

எவருக்கும் வரலாம், நல்ல உடல்நலம் உள்ள இளைஞரும் விலக்கல்லர். எனினும் சிலரிடம் கூடுதல் விழிப்பு வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், அண்மையில் மகப்பேறோ கருச்சிதைவோ கண்ட பெண்கள், சர்க்கரை நோய், சிறுநீரக நோய், கல்லீரல் நோய் உடையோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர், மண்ணீரல் அகற்றப்பட்டோர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், சிறுநீர்க் குழாயோ டயாலிசிஸ் குழாயோ பொருத்தப்பட்டோர் ஆகியோர் இவ்வகையினர்.

வீட்டில் காணத்தக்க அறிகுறிகள்

செப்சிஸை உறுதிப்படுத்தும் தனி அறிகுறி எதுவும் இல்லை. தொற்று இருப்பவரிடமோ, இருக்கலாம் என்று ஐயுறப்படுபவரிடமோ பின்வருவனவற்றுள் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் காத்திருத்தல் கூடாது.

பேச்சுக் குழறல், குழப்பம், எழுப்பியும் தெளியாத உறக்கம். வேகமான மூச்சு அல்லது மூச்சுத் திணறல். கட்டுக்கடங்காத நடுக்கம் அல்லது கடும் உடல்வலி. நாள் முழுவதும் சிறுநீர் மிகக் குறைதல் அல்லது அறவே நின்றுபோதல். தோல் சில்லிட்டு, வெளிறி, நீலம் பாய்ந்து அல்லது திட்டுத்திட்டாகத் தோன்றுதல். எழுந்து நின்றால் மயக்கம். 'நான் பிழைக்கமாட்டேன் போலிருக்கிறது' என்று நோயாளியே கூறுதல். அச்சொல்லை வெறும் பயம் என்று தள்ளிவிடலாகாது.

கைக்குழந்தையிடம் காண வேண்டியவை வேறு: பால் குடிக்க மறுத்தல், தொடர் வாந்தி, 12 மணி நேரமாக நனையாத அணையாடை, துவண்டு கிடத்தல், மிக வேகமான மூச்சு, வலிப்பு, அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள்.

மூச்சை எண்ணுவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நோயாளி அமைதியாக இருக்கையில் மார்பு உயர்ந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். வயது வந்தவருக்கு அது 22 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் அதைக் குறிப்பாகத் தெரிவியுங்கள். ஆனால், எண்ணிக்கை குறைவாக உள்ளது என்பதை மட்டும் கொண்டு ஆறுதல் அடைந்துவிடாதீர்கள்.

காய்ச்சலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. செப்சிஸில் உடல்வெப்பம் உயரலாம்; இயல்பாக இருக்கலாம்; இயல்புக்குக் கீழே இறங்கவும் செய்யலாம். முதியோரிடம் காய்ச்சலே இல்லாமல் குழப்பமும் சோர்வும் மட்டும் தோன்றுவதுண்டு. பாராசிட்டமால் வெப்பத்தைக் குறைக்கும், தொற்றைக் குறைக்காது. எனவே காய்ச்சல் இறங்கிய பின் நோயாளி தெளிவடைகிறாரா என்று பாருங்கள். பேச்சு தெளிந்து, பசி எடுத்து, சிறுநீர் பிரிந்தால் அது நலமடைதல். சூடு மட்டும் இறங்கி ஆள் மேலும் வாடினால் அது ஆபத்து.

நம் மண்ணில் மறவாதிருக்க வேண்டிய காய்ச்சல்

தமிழ்நாட்டில் செப்சிஸ் போன்ற நிலைக்குக் கொண்டுசெல்லும் காய்ச்சல்களுள் ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல் முக்கியமானது. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் மிகச் சிறிய உண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் இது வருகிறது. மழைக்காலத்திலும் அதை அடுத்த குளிர்ந்த மாதங்களிலும் மிகுதியாகக் காணப்படும். கடித்த இடத்தில், பலரிடம், சிகரெட் நெருப்புச் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும். வலியோ அரிப்போ இல்லாததால் நோயாளி அதை அறியமாட்டார். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ்ப்புறம், இடுப்பில் ஆடை இறுகும் இடம் ஆகிய மறைவிடங்களில் அது இருக்கும்.

இங்கே வீட்டார் செய்யக்கூடிய உதவி பெரிது. காய்ச்சல் சில நாள்களாக நீடித்தால், உடைமாற்றும் வேளையில் இவ்விடங்களைப் பார்த்து, பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வயல்வேலை, ஆடுமாடு மேய்த்தல், விறகு சேகரித்தல் போன்ற விவரங்களையும் கூறுங்கள். வழக்கமாக முதலில் செலுத்தப்படும் பல ஆன்டிபயாடிக்குகள் இக்கிருமியின்மேல் வேலை செய்வதில்லை. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்றவையே பயன்படும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் நடந்து, 2023இல் வெளியான ஆய்வு, கடுமையான உண்ணிக் காய்ச்சலில் இவ்விரு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது ஒன்றை மட்டும் செலுத்துவதைவிட மேலான பயன் தருகிறது என்று காட்டியது. ஒரு சிறு பொருக்கைக் கண்டுபிடித்துச் சொல்வது சரியான மருந்து விரைவில் கிடைக்க வழிவகுக்கும்.

மருத்துவமனையில் முதல் சில மணி நேரம்

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே நேரத்தில் பலர் பல வேலைகளைச் செய்வதைக் கண்டு குடும்பத்தார் திகைப்பதுண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

முதலில் நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், பிராணவாயு அளவு, நினைவுத் தெளிவு ஆகியவை பார்க்கப்படும். இரத்தத்தில் லாக்டேட் என்னும் பொருளின் அளவு சோதிக்கப்படும். திசுக்கள் இடர்ப்படும்போது அது உயர்கிறது. சிறுநீரகம், கல்லீரல், இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றுக்கான சோதனைகளும், தொற்றின் இருப்பிடத்தைக் காண எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகியவையும் எடுக்கப்படும்.

ஆன்டிபயாடிக் செலுத்துவதற்கு முன், இயன்றவரை, கல்ச்சர் பரிசோதனைக்காக இரத்தம் எடுக்கப்படும். மருந்து உள்ளே சென்றபின் எடுத்தால் கிருமி வளராமற்போகும் வாய்ப்பு மிகுதி. இதன் முடிவு வர இரண்டு, மூன்று நாள்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்க இயலாதாகையால், பலவகைக் கிருமிகளை ஒருங்கே தாக்கும் மருந்து உடனே தொடங்கப்படுகிறது. முடிவு வந்தபின் அக்கிருமிக்கு ஏற்ற மருந்தாக மாற்றுவர். 'மருந்தை மாற்றிவிட்டார்களே, முதல் மருந்து தவறா?' என்று பலர் கேட்கின்றனர். தவறன்று; அதுவே சரியான நடைமுறை. கல்ச்சரில் எதுவும் வளராவிட்டாலும் செப்சிஸ் இல்லை என்று பொருளாகாது.

2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, செப்டிக் ஷாக் நிலையிலும் செப்சிஸ் என்பது பெரிதும் தெளிவான நிலையிலும் ஆன்டிபயாடிக்கை ஒரு மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். ஷாக் இல்லாமல் செப்சிஸ் ஐயம் மட்டும் இருக்கையில், விரைந்து ஆராய்ந்து, ஐயம் நீங்காவிடில் மூன்று மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். இவ்விரைவுக்கு அடிப்படை உண்டு. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், செப்டிக் ஷாக்கில் இரத்த அழுத்தம் வீழ்ந்த முதல் ஆறு மணி நேரத்தில், தகுந்த மருந்து தாமதமான ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 விழுக்காடு குறைந்தது.

இரத்த அழுத்தத்தை உயர்த்த நரம்பு வழியே சலைன் போன்ற திரவங்கள் ஏற்றப்படும். அது போதாவிடில் நார்அட்ரினலின் என்னும் மருந்து தொடரும். சீழ்க்கட்டி இருந்தால் வடித்தல், தொற்றுக் கண்ட குழாயை அகற்றுதல், சிறுநீர்ப்பாதை அடைப்பை நீக்குதல், அழுகிய திசுவை அறுவை மூலம் களைதல் ஆகியவை மருந்துக்கு இணையான சிகிச்சைகள். 'இவ்வளவு மெலிந்திருப்பவருக்கு அறுவையா?' என்னும் தயக்கம் இயல்பே. ஆனால் தொற்றின் ஊற்று உள்ளேயே இருக்கையில் மருந்து மட்டும் வெல்வது அரிது.

குடும்பத்தின் குரலுக்கு உள்ள இடம்

2012ஆம் ஆண்டு நியூயார்க்கில் ரோரி ஸ்டான்டன் என்னும் 12 வயதுச் சிறுவன் பள்ளி விளையாட்டில் விழுந்து கையைச் சிராய்த்துக்கொண்டான். காய்ச்சலும் வாந்தியும் வந்தன. மருத்துவமனைக்குச் சென்றபோது வயிற்றுக் கோளாறு என்று கருதப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டான். சில நாள்களில் செப்சிஸால் இறந்தான். பெற்றோரின் முயற்சியால் 2013இல் நியூயார்க் மாநிலம், எல்லா மருத்துவமனைகளும் செப்சிஸை விரைந்து கண்டறிந்து சிகிச்சை தரும் நெறிமுறையைக் கட்டாயமாக்கியது. 'ரோரியின் விதிகள்' என்றே அவை வழங்குகின்றன. பின்னர் அம்மாநிலத்தின் 149 மருத்துவமனைகளில் 49,331 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தபோது, கல்ச்சர், லாக்டேட் சோதனை, ஆன்டிபயாடிக் ஆகிய தொடக்கப் பணிகள் விரைவாக முடிந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது தெரியவந்தது.

2021இல் மார்த்தா மில்ஸ் என்னும் 13 வயதுச் சிறுமி சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் காயம்பட்டு இங்கிலாந்து மருத்துவமனையில் இருந்தாள். அங்கேயே செப்சிஸ் கண்டது. மகளின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் கூறியும் அது உரியவாறு கருதப்படவில்லை. முன்னரே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் அவள் பிழைத்திருக்கக்கூடும் என்று இறப்பு விசாரணை முடிவு செய்தது. அதன் விளைவாக 2024 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் 'மார்த்தாவின் விதி' நடைமுறைக்கு வரத் தொடங்கியது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தார் கருதினால், வேறொரு மருத்துவக் குழு உடனே வந்து பார்க்குமாறு அவர்கள் கோரலாம் என்பதே அவ்விதி.

இவ்விரண்டும் உணர்த்துவது ஒன்றே. நோயாளி நேற்று எப்படி இருந்தார், இன்று எப்படி மாறியுள்ளார் என்பதை அறிந்தவர் வீட்டார். 'டாக்டர், இவர் வழக்கமாக இப்படி இருப்பவர் அல்லர். இது செப்சிஸாக இருக்குமா?' என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அது மருத்துவருக்குத் தேவையான தகவல். ஒருமுறை பார்த்து அனுப்பப்பட்ட பின்னும் நிலை மோசமானால் திரும்ப வரத் தயங்காதீர்கள். தொற்று தொடங்கிய நாள், உட்கொண்ட மருந்துகள், ஒவ்வாமை, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில்

சிலருக்கு வென்டிலேட்டரும் டயாலிசிஸும் தேவைப்படலாம். டயாலிசிஸ் தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் வேண்டியிருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. செப்சிஸில் பழுதடைந்த சிறுநீரகம் பலரிடம் மீண்டும் செயற்படத் தொடங்குகிறது.

நோயாளி உறவினரை அடையாளம் காணாமலும் இல்லாததைக் கண்டதாகச் சொல்லியும் குழம்பலாம். இது மனநோயன்று; நோய் மூளையைத் தாக்குவதால் வரும் தற்காலிகக் குழப்பம். பார்வை நேரத்தில் அவரது மூக்குக்கண்ணாடியையும் செவிக்கருவியையும் அணிவியுங்கள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார், வீட்டில் யார் யார் நலம் என்று பழகிய குரலில் மெல்லச் சொல்லுங்கள். நாள்தோறும் நிகழ்ந்தவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், பின்னாளில் தம் நினைவில் இல்லாத நாள்களை அவர் புரிந்துகொள்ள அது உதவும்.

பிழைத்த பின்

வீடு திரும்புதல் சிகிச்சையின் முடிவன்று. தசை வலுவிழத்தல், களைப்பு, உறக்கமின்மை, கெட்ட கனவுகள், மறதி, கவனக்குறைவு, முடி உதிர்தல், மனச்சோர்வு ஆகியவை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடிக்கலாம். மேல்நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று, பிழைத்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் நன்கு தேறுவதாகவும், ஆறில் ஒருவருக்குக் கடும் குறைபாடுகள் நீடிப்பதாகவும், மூன்றில் ஒருவர் ஓராண்டுக்குள் இறப்பதாகவும் கூறுகிறது. முதுமையும் முன்பே இருந்த நோய்களும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. அச்சுறுத்துவதற்காக இதைக் கூறவில்லை. வீடு திரும்பிய பின்னரும் கவனம் தேவை என்பதற்காகவே கூறுகிறோம்.

முதல் மூன்று மாதங்களில் மீண்டும் தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகுதி. அதன் அறிகுறிகளைக் கேட்டறிந்து செல்லுங்கள். சிறுநீரகம் பழுதானதால் முன்பு நிறுத்திய அல்லது அளவு மாற்றிய மருந்துகள் எவை, மீண்டும் எப்போது தொடங்குவது என்று கேளுங்கள். முதலில் கட்டிலில் எழுந்து உட்காருதல், பின் அறைக்குள் நடத்தல், பின் வாசல் வரை என்று உடற்பயிற்சியாளர் சொல்லும் அளவில் முன்னேறுங்கள். பருப்பு, முட்டை, பால், மீன் போன்ற புரத உணவை எவ்வளவு தரலாம் என்பதை, சிறுநீரகத்தின் நிலை அறிந்த மருத்துவரிடம் கேட்டுத் தருக. 'இன்னும் எழுந்து வேலை பார்க்கவில்லையா?' என்று உறவினர் கேட்கையில் நோயாளியின் மனம் புண்படும். அவர் சோம்பியிருக்கவில்லை, அவரது உடல் மீண்டுகொண்டிருக்கிறது. உடனிருந்து கவனிப்பவரும் இரவுகள் விழித்து நலிந்தவரே. அவருக்கும் ஓய்வு வேண்டும்.

தடுக்க இயலும்

1847இல் வியன்னாவின் மகப்பேறு மருத்துவமனையில், ஏப்ரல் மாதத்தில் நூறு தாய்மாருக்குப் பதினெட்டுப் பேர் என்ற அளவில் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் மருத்துவர்கள் கை கழுவ வேண்டும் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் வற்புறுத்திய பின், சில மாதங்களில் அது நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே இறங்கியது. கைகழுவுதலின் ஆற்றல் இன்றும் குறையவில்லை. நோயாளியைத் தொடுமுன் கை கழுவுங்கள். எம் ஊழியர்களிடமும் 'கை கழுவிவிட்டீர்களா?' என்று தயங்காது கேளுங்கள்.

சர்க்கரை நோயுடையோர் நாள்தோறும் பாதங்களைப் பாருங்கள்; சிறு புண்ணையும் புறக்கணியாதீர்கள். நிமோகாக்கஸ், இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிகள் தமக்கு ஏற்றவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாடிக்கையோ, பக்கத்து வீட்டார் தந்ததையோ உட்கொள்ளாதீர்கள். அது கிருமியை மறைத்து, எதிர்ப்பாற்றல் பெறவும் செய்யும்.

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். நள்ளிரவு. தாயாரின் நெற்றி குளிர்ந்திருக்கிறது. மகள் சொன்னதைக் கேட்டு அண்ணன் 108ஐ அழைக்கிறார். வாகனத்தில் ஏறியதும் மகள் கூறும் மூன்று செய்திகள் போதும்: 'சர்க்கரை நோய் இருக்கிறது, மூன்று நாளாகச் சிறுநீர்த் தொற்று, இன்றிரவு முதல் குழப்பமாகப் பேசுகிறார்.' மருத்துவமனையில் காத்திருக்கும் குழுவினர் தம் பணியை அங்கிருந்து தொடங்கலாம்.